அப்டேட்டுக்குப் பிறகு எரர் வருதா? பார்மட் போடும் முன் கொஞ்சம் பொறுங்கள்

சிவகாசியிலும் சுற்றுவட்டாரத்திலும் சின்ன ஆபீஸ்கள், அச்சகங்கள், டிடிபி கடைகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். எனக்கு வரும் போன்கள் பலவும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "நேத்து சாயங்காலம் அப்டேட் ஆச்சு தம்பி. இன்னைக்கு ஆன் பண்ணினா ஏதோ எரர் வருது." அடுத்து என்ன கேட்பார்கள் என்பதும் தெரியும்: "பார்மட் போட்டுருவமா?"

பார்மட் போட்டால் எரர் போய்விடும், மறுக்கவில்லை. கூடவே டேலி லைசென்ஸ், பிரிண்டர் செட்டிங், வருஷக்கணக்காகச் சேர்த்த தமிழ் ஃபான்ட்டுகள், டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் கிடக்கும் முக்கியமான வேலைகள் எல்லாம் போகும். ஒரு டிடிபி மிஷினைப் பழையபடி வேலைக்கு ஏற்றதாக ஆக்க ஒரு முழு நாள் ஓடிவிடும். சர்வீஸ்காரருக்கு பார்மட் சுலபம், அதில் யோசிக்க எதுவும் இல்லை. நஷ்டம் மிஷின்காரருக்குத்தான்.

நான் பார்த்தவரை, அப்டேட்டுக்கு மறுநாள் வரும் எரர்களில் பலவற்றை அப்டேட் உண்டாக்கவில்லை. அவை ஏற்கெனவே உள்ளே இருந்தவை. அப்டேட் செய்தது ஒன்றே ஒன்று: கம்ப்யூட்டரை உண்மையாக ரீஸ்டார்ட் செய்தது.

இதைச் சொன்னால், "நாங்க தினமும் சாயங்காலம் ஆஃப் பண்ணிட்டுத்தான போறோம்?" என்பார்கள். ஆஃப் செய்கிறார்கள், ஆனால் அது முழுசாக ஆஃப் ஆவதில்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இது போட்டிருக்கும் மிஷினில் ஷட் டவுன் கொடுத்தால், நாம் திறந்து வைத்த புரோகிராம்கள் மூடிக்கொள்ளும், நம் கணக்கும் லாக் ஆஃப் ஆகும். ஆனால் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலும், பிரிண்டர் போன்ற சாதனங்களை ஓட்டும் டிரைவர்களும் அப்போது இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். மறுநாள் பவர் பட்டனை அழுத்தினால் அதே நிலையை எடுத்துக்கொண்டு மேலே தொடரும். சீக்கிரம் ஆன் ஆவதன் ரகசியம் இதுதான். எல்லாம் அடியிலிருந்து புதிதாக ஏறுவது ரீஸ்டார்ட் கொடுக்கும்போதுதான்.

நம்பாதவர்களுக்கு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு-வைத் தட்டி, கீழே 'அப் டைம்' என்று ஓடும் எண்ணைக் காட்டுவேன். தினமும் அணைக்கிற மிஷினில் அது வாரக்கணக்கில் நிற்கும். அப்போது வரும் முகபாவத்தைப் பார்க்கவேண்டும்.

இதற்கும் எரருக்கும் என்ன சம்பந்தம்? ஒரு மென்பொருளை நீக்குகிறீர்கள், அல்லது ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைத் தூக்குகிறது. அந்தக் கோப்பு அந்த நேரத்தில் பயன்பாட்டில் இருந்தால் உடனே அழிக்க முடியாது. 'அடுத்த ரீஸ்டார்ட்டில் அழிக்கவும்' என்று விண்டோஸ் ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொள்ளும். நீங்கள் ஷட் டவுன் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பட்டியல் அப்படியே கிடக்கும். என்றைக்கோ ஒரு அப்டேட் வந்து ரீஸ்டார்ட் ஆகும்போது கோப்பு அழியும். ஆனால் ஸ்டார்ட்அப்பில் அந்தக் கோப்பைக் கூப்பிடும் வரி மட்டும் நீங்காமல் இருக்கலாம். மறுநாள் காலை விண்டோஸ் அதைக் கூப்பிடும், கோப்பு இருக்காது, எரர் பெட்டி வரும். பழி அப்டேட் தலையில்.

ஒரு ஆடிட்டர் ஆபீஸில் நடந்தது இதேதான். தேதி 20. மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடக் கடைசி நாள், அந்த ஆபீஸில் யாரும் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார்கள். அங்கே கணக்குப் பார்க்கும் அக்கா போன் செய்தார். "ரன்டிஎல்எல்னு ஒரு பெட்டி வருது தம்பி, சிவப்புல இன்ட்டு மார்க் போட்டிருக்கு. வைரஸா?"

"அக்கா, அதை இன்னும் மூடலைல்ல? மூடாதீங்க. அது மேல ஒரு தடவை கிளிக் பண்ணிட்டு கண்ட்ரோல் சி அழுத்துங்க. அப்புறம் வாட்ஸ்அப் வெப்ல எனக்கு பேஸ்ட் பண்ணுங்க."

இந்த ஒரு வழியை யாரும் சொல்லித் தருவதில்லை. விண்டோஸின் சாதாரண எச்சரிக்கைப் பெட்டிகளில் கண்ட்ரோல் சி அழுத்தினால் தலைப்பு, உள்ளே இருக்கும் வாசகம், பட்டன் பெயர்கள் எல்லாம் எழுத்தாகவே நகலாகிவிடும். எல்லா மென்பொருளின் பெட்டிக்கும் இது பலிக்காது, பலிக்காதபோது மொபைலில் படம் எடுத்து அனுப்பலாம். எதுவானாலும் முழு வாசகம் வேண்டும். டிஎல்எல் என்பது புரோகிராம்கள் பயன்படுத்தும் துணைக் கோப்பு; வெறுமனே 'டிஎல்எல் எரர்' என்று மட்டும் சொன்னால் டாக்டரிடம் 'உடம்பு சரியில்லை' என்று சொன்னதுபோல்தான்.

வந்த வாசகத்தில் கோப்பின் முழுப் பாதையும் இருந்தது. நடுவில் ஒரு பிரிண்டர் கம்பெனியின் பெயரில் ஃபோல்டர். அந்த பிரிண்டரை அவர்கள் எப்போதோ எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வேறு வாங்கியிருந்தார்கள். மென்பொருளையும் நீக்கியிருந்தார்கள். நீக்கும் புரோகிராம் கோப்புகளை அழிக்கச் சொல்லிவிட்டு, ஸ்டார்ட்அப்பில் போட்டிருந்த வரியை எடுக்காமல் போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம்.

"ஓகே அழுத்திட்டு வேலையைப் பாருங்கக்கா. போர்ட்டல் திறக்குதா, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை செய்யுதான்னு மட்டும் பாருங்க. ரிட்டர்ன் எல்லாம் முடிச்சிட்டுக் கூப்பிடுங்க, நான் வந்து எடுத்து விடுறேன்." அன்றைக்கு நான் செய்த உருப்படியான சர்வீஸ் அந்தப் போன் பேச்சுதான். லாகின் ஆன பிறகு வரும் பெட்டி ஒன்றை மூடிவிட்டு, மற்ற எல்லாம் வழக்கம்போல ஓடுகிறது என்றால் அவசரமே இல்லை. கடைசி நாளில் மிஷினைப் பிரித்து மேய்வதுதான் ஆபத்து.

ரன்டிஎல்எல் என்ற பெயரைக் கூகுளில் போட்டுப் பார்த்துவிட்டு, அதுவே வைரஸ் என்று முடிவு கட்டி அந்தக் கோப்பை அழிக்கப் போனவர்களும் உண்டு. அது விண்டோஸின் சொந்தப் புரோகிராம். வேறொரு டிஎல்எல் கோப்பை எடுத்து ஓட்டிவிடுவது மட்டுமே அதன் வேலை. கோப்பு இல்லை என்று அது புகார் சொல்கிறது. பார்க்கவேண்டியது, இல்லை என்று அது சொல்லும் கோப்பு யாருடையது என்பதைத்தான்.

இந்த மாதிரி அநாதை வரிகளை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேடலாம், கிடைத்தால் நல்லது. பல சமயம் அங்கே கிடைக்காது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்திருக்கும், விண்டோஸின் செட்டிங்குகள் சேரும் ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்ற பெயரில் இருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும். ஒவ்வொன்றாகத் தேட எனக்குப் பொறுமை இல்லை. ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியைத்தான் திறப்பேன். சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இருவர் 1996-இல் தொடங்கிய இடம் அது. 2006-இல் மைக்ரோசாஃப்டே வாங்கிவிட்டது, இப்போது மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கிறது. அட்மினாகத் திறந்து, மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வரிகளை மறைக்கும் ஆப்ஷனைப் போட்டால் மிச்சம் இருப்பது நாம் ஏற்றியவை. கோப்பு இல்லாத வரிகள் மஞ்சளாகத் தெரியும். அந்த ஆபீஸ் மிஷினில் பிரிண்டரின் வரி மஞ்சளாக நின்றது. டிக்கை எடுத்தேன், ரீஸ்டார்ட் கொடுத்தேன், பெட்டி வரவில்லை.

டிக்கை எடுத்தேன் என்றுதான் சொன்னேன், டிலீட் செய்யவில்லை. மஞ்சளாகத் தெரிவதெல்லாம் குப்பை அல்ல. டிக்கை எடுத்துவிட்டு ஒரு வாரம் ஓட விடுங்கள். ஏதாவது வேலை செய்யாமல் போனால் திரும்பப் போட்டுவிடலாம்.

இன்னொரு வகைப் பெட்டி இருக்கிறது. 'விசிரன்டைம்140 டிஎல்எல் கிடைக்கவில்லை', 'எம்எஸ்விசிபி140 டிஎல்எல் கிடைக்கவில்லை' என்று வரும். மென்பொருள் ஒன்று புது வெர்ஷனுக்கு மாறிய பிறகு அடிக்கடி பார்க்கலாம். இங்கேதான் நம் ஆட்கள் பெரிய வம்பை விலைக்கு வாங்குகிறார்கள். பெயரைத் தேடினால் முதலில் வருவதே 'டிஎல்எல் இலவச டவுன்லோடு' தளங்கள். ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கும் பையன் அப்படி ஒன்றை இறக்கி, சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டிருக்கிறான். பழைய பெட்டி போய்விட்டது, புதிதாக வேறொன்று வந்தது: அப்ளிகேஷன் சரியாகத் தொடங்க முடியவில்லை, கூடவே 7பி என்று முடியும் ஒரு நீள எண்.

அந்த 7பி எப்போது வந்தாலும் நான் முதலில் சந்தேகப்படுவது 32 பிட், 64 பிட் என்ற இரண்டு வகைக் கோப்புகள் கலந்துவிட்டனவா என்பதைத்தான். விண்டோஸ் இதில் ஒரு விஷமம் செய்து வைத்திருக்கிறது. 64 பிட் விண்டோஸில், சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில். பழைய புரோகிராம்கள் உடையக்கூடாது என்று பெயரை மாற்றாமல் விட்டதன் விளைவு. பையன் பெயரை நம்பி 32 பிட் கோப்பை சிஸ்டம்32-இல் போட்டான், அவனை எப்படிக் குறை சொல்வது?

அவன் போட்ட கோப்பை எடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து, இந்த டிஎல்எல்கள் அடங்கிய விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை இறக்கி நிறுவினேன். 64 பிட் மிஷினாக இருந்தாலும் 32 பிட்டுக்கான எக்ஸ்86, 64 பிட்டுக்கான எக்ஸ்64 இரண்டையும் போடவேண்டும், ஏனென்றால் அதில் ஓடும் மென்பொருள் 32 பிட்டாக இருக்கலாம். சில நிமிஷ வேலை. தனி டிஎல்எல் கோப்பை எந்தத் தளத்திலிருந்தும் இறக்காதீர்கள். எரர் போகாவிட்டாலும் பரவாயில்லை, கூடவே என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஸ்டார்ட் ஆனதும் திரை முழுக்க எச்சரிக்கை, 'உடனே இந்த நம்பருக்கு அழைக்கவும்' என்று வந்தால் அது எரரே அல்ல, ஏமாற்று வேலை. மைக்ரோசாஃப்ட்டின் எரர் செய்திகளில் போன் நம்பர் இருக்காது. வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இதுவரை சொன்னவை எல்லாம் லாகின் ஆன பிறகு வருபவை. பார்க்க மிரட்டலாக இருந்தாலும் ஆபத்து குறைவு. அதற்கும் முன்னால், விண்டோஸ் லோகோவே வராமல் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால் பேசுவது பெரும்பாலும் விண்டோஸ் அல்ல, மதர்போர்டு. 'பூட்டபிள் டிவைஸ் இல்லை' என்று வந்தால் முதலில் சொருகியிருக்கும் பென் டிரைவையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் பிடுங்குங்கள். அப்டேட்டுக்காக இரவில் தானாக ரீஸ்டார்ட் ஆன மிஷின், சொருகியிருக்கும் பென் டிரைவில் விண்டோஸைத் தேடிவிட்டு நிற்கும். அச்சகங்களில் இது சகஜம், கஸ்டமர் கொண்டுவந்த பென் டிரைவ் ஏதாவது ஒன்று எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். 'சிமாஸ் செக்சம்' என்றோ தேதி தவறு என்றோ எஃப்1 அழுத்தச் சொன்னால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். இரவில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் ஆபீஸ்களில் இது சீக்கிரம் தெரியவரும். தேதி பின்னால் போனால் வங்கித் தளம், ஜிஎஸ்டி போர்ட்டல் எதுவும் திறக்காது, சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் சொல்லும். அதையும் அப்டேட் கணக்கில்தான் எழுதுவார்கள்.

நடுக்கட்டம்தான் கஷ்டமானது. லோகோ வரும், வட்டம் சுற்றும், நீலத் திரை விழும், ரீஸ்டார்ட் ஆகும், மறுபடியும் அதே. விண்டோஸ் 11-இன் புது வெர்ஷனில் 2025 முதல் நீலத் திரை கறுப்பாகிவிட்டது, சோக முகமும் இல்லை. நிறம் எதுவாக இருந்தாலும் அடியில் இருக்கும் ஸ்டாப் கோட், கூடவே எஸ்ஒய்எஸ் என்று முடியும் கோப்புப் பெயர் இருந்தால் அது, இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில்கூட பார்மட்தான் வழி என்று இல்லை என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. நம் நேரப்படி காலை 9:39-க்கு வந்தது, 10:57-க்குத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மிஷின்கள் நீலத் திரையில் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் என்ன தெரியுமா? 20 தகவல்கள் மட்டுமே இருந்த இடத்தில் 21-ஆவதைப் படிக்கச் சொன்னது அந்தக் கோப்பு. இல்லாத இடத்தைப் படிக்கப் போய், கெர்னலுக்குள் ஓடிய டிரைவர் விண்டோஸையே கவிழ்த்துவிட்டது. அன்றைக்கு டிவியில் எல்லோரும் சொன்னது 'விண்டோஸ் அப்டேட் பிரச்சினை'. விண்டோஸ் அப்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தீர்வும் சின்னது: அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோடில் போய், டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் 291 என்ற எண் கொண்ட அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும். ஒவ்வொரு மிஷினுக்கும் ஆள் போய் உட்காரவேண்டியிருந்ததுதான் வேதனை.

வீட்டு மிஷினிலும் வழி அதுதான். இரண்டு மூன்று முறை ஸ்டார்ட் ஆகத் தவறினால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போனால் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கும். மாதாந்திர அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை என்றால் 'குவாலிட்டி அப்டேட்'டை நீக்கிப் பார்ப்பேன். அதே இடத்தில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக ரீஸ்டார்ட் கொடுத்து 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. சேஃப் மோடில் ஆன் ஆகிறது என்றால் விண்டோஸ் நன்றாகவே இருக்கிறது, வெளியிலிருந்து ஏற்றிய டிரைவரோ மென்பொருளோ தொல்லை கொடுக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு எச்சரிக்கை: ரிப்பேர் திரையின் கமாண்ட் பிராம்ப்ட்டில் சி டிரைவ் சி-யாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். டி-யாகவோ இ-யாகவோ மாறியிருக்கலாம். உள்ளே விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

யூடியூபில் எந்த எரருக்கும் ஒரே மருந்து சொல்வார்கள்: எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். அது விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டுமே சரிபார்க்கும். பழைய பிரிண்டரின் அநாதை வரிக்கு அதை ஓட்டுவது நேர விரயம். விண்டோஸ் கோப்புகளே கெட்டிருக்கும் என்று சந்தேகம் வந்தால், முதலில் ரெஸ்டோர்ஹெல்த் என்று முடியும் டிஸ்ம் கட்டளையை ஓட்டி, அது முடிந்த பிறகு எஸ்எஃப்சி ஓட்டவேண்டும். எஸ்எஃப்சி நல்ல கோப்பை எடுக்கும் கிடங்கையே சரிசெய்வது டிஸ்ம்தான்.

அதைவிட எனக்கு அதிகம் உதவுவது ரிலையபிலிட்டி மானிட்டர். ஸ்டார்ட்டில் ரிலையபிலிட்டி என்று தட்டினாலே வந்துவிடும். நாள்வாரியாக என்ன நிறுவப்பட்டது, எது விழுந்தது என்று வரிசையாகக் காட்டும். "நேத்துதான் அப்டேட் ஆச்சு" என்று சொல்லும் மிஷினில், சிவப்புக் குறிகள் அதற்குப் பல நாள் முன்னாலேயே தொடங்கியிருப்பதை இங்கேதான் பார்த்திருக்கிறேன்.

அதற்காக அப்டேட் எப்போதும் நிரபராதி என்று வாதாடவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, லினக்ஸையும் சேர்த்து வைத்திருந்த பல மிஷின்களில், லினக்ஸை ஸ்டார்ட் செய்யும் பூட்லோடரைச் சோதிக்கும் 'ஷிம் எஸ்பேட்' சரிபார்ப்பு தோற்றது, ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது என்ற செய்தி வந்து லினக்ஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. பழைய, ஓட்டையுள்ள பூட்லோடர்களைத் தடுக்கும் பட்டியலை அந்த அப்டேட் மதர்போர்டில் எழுதியது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உள்ள இரட்டை பூட் மிஷின்களுக்கு அதைப் போடக்கூடாது என்றுதான் திட்டம், ஆனால் எல்லா இரட்டை பூட்டையும் அது அடையாளம் காணவில்லை. நம்பகமான பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டு மறுபடி போடவேண்டியிருந்தது. இது அசல் அப்டேட் கோளாறு.

உண்மையில் நான் பயப்படுவது எரர் என்றே சொல்ல முடியாத ஒரு திரைக்குத்தான். நீலத் திரையில் அமைதியாக, பிட்லாக்கர் ரெக்கவரி கீ-யை உள்ளிடுக என்று கேட்கும். 48 இலக்கம். டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் அப்டேட் ஆன பிறகு இது வருவது உண்டு, அந்த ஃபர்ம்வேர் விண்டோஸ் அப்டேட் வழியாகவே இறங்கியிருக்கும். டிஸ்க்கைத் திறக்கும் சாவி மதர்போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகும் விதம் மாறிவிட்டதாகத் தெரிந்தால் அது சாவியைத் தராது. திருடன் டிஸ்க்கைக் கழற்றி வேறு மிஷினில் போட்டால் என்ன செய்யவேண்டுமோ அதையே செய்கிறது. கேட்கப்படுபவர் உரிமையாளர் என்று அதற்குத் தெரியாது.

ஒரு மருந்துக்கடைக்காரரின் லேப்டாப்பில் இது வந்தது. "நான் எந்தப் பூட்டும் போடலையே" என்றார். சரிதான், அவர் போடவில்லை. புது லேப்டாப்புகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாலே டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பிட்லாக்கர் பூட்டு தானாக இயங்கத் தொடங்கிவிடும். சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். அவர் கணக்கு எது? லேப்டாப் வாங்கிய கடையில் பையன் ஒருவன் அப்போதைக்கு ஒரு மெயில் ஐடி உண்டாக்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறான். நல்லவேளை, ஓடிபி-க்குக் கொடுத்தது கடைக்காரரின் பழைய மொபைல் நம்பர், அந்த சிம் அவர் மனைவியிடம் இருந்தது. கணக்கைத் திறந்தோம், ரெக்கவரி கீ பக்கத்தில் சாவி இருந்தது. திரையில் தெரியும் கீ ஐடி-யின் முதல் 8 எழுத்துகளும் பக்கத்தில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தட்டினோம், திறந்தது.

அந்த சிம் இல்லாமல் போயிருந்தால் என்னாலும் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. பார்மட் போட்டு லேப்டாப்பை மீட்கலாம், உள்ளே இருந்த கணக்குகளை மீட்க முடியாது. இந்தத் திரையைப் பார்த்ததும் மதர்போர்டின் செட்டிங் திரையான பயாஸுக்குள் போய் 'டிபிஎம் கிளியர்' என்று இருப்பதை அழுத்திவிடாதீர்கள். இப்போதே, எரர் எதுவும் வராதபோதே, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து மேனேஜ்-பிடிஇ கட்டளையில் உங்கள் சாவியைப் பார்த்து ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். ஃபர்ம்வேரை நீங்களே அப்டேட் செய்வதாக இருந்தால் பிட்லாக்கரை முதலில் சஸ்பெண்ட் செய்துவிட்டுச் செய்யுங்கள்.

சமீப காலமாக வருவது வேறொரு கூட்டம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது, பலரும் 11-க்கு மாறினார்கள். அப்புறம்தான் 'இந்தச் சாதனத்தில் ஒரு டிரைவரை ஏற்ற முடியவில்லை' என்ற பெட்டி வர ஆரம்பித்தது. ஒரு டிடிபி கடை அண்ணாச்சிக்கு இது தினமும் காலையில் வரும். அவர் வைத்திருந்தது பழைய டைப்செட்டிங் மென்பொருள், யுஎஸ்பி-யில் ஒரு ஹார்டுவேர் லாக் சொருகினால்தான் திறக்கும். லாக்குக்கான டிரைவர் பழையது. விண்டோஸ் 11-இல் கோர் ஐசொலேஷன் பகுதியில் சந்தேகமான டிரைவர்களைக் கெர்னலுக்குள் விடாத மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒன்று இருக்கிறது, ஓட்டையுள்ள டிரைவர்களின் தடைப் பட்டியலும் அதே பக்கத்தில் இருக்கிறது. இரண்டில் எது பிடித்தாலும் டிரைவர் ஏறாது. மென்பொருள் போட்டவர்கள் கடையை மூடிவிட்டார்கள். லாக்கைத் தயாரித்தவர்கள் வேறு நிறுவனம் என்பதால் அவர்களின் புது டிரைவரைப் போட்டுப் பார்த்தேன். சில லாக்குகளுக்கு அது பலித்திருக்கிறது, இதற்குப் பலிக்கவில்லை.

மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆன்லைன் பேங்கிங் செய்யும் மிஷினில் அதை அணைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணாச்சியிடம் இரண்டு வழியையும் சொன்னேன். 11-க்கு மாறி 10 நாள் ஆகவில்லை, செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் 'கோ பேக்' இன்னும் இருந்தது. அதைப் போட்டு அந்த ஒரு மிஷினை விண்டோஸ் 10-க்கே திருப்பினோம். நெட் கேபிளைக் கழற்றினோம், வைஃபை-யையும் அணைத்தோம். அதில் டைப்செட்டிங் மட்டும், பேங்கும் மெயிலும் பக்கத்து மிஷினில். கோப்புகள் அந்தக் கடைக்கென்றே வைத்த ஒரே ஒரு பென் டிரைவில் போகின்றன. அடுத்த காலண்டர் சீசனுக்குள் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வேறு மென்பொருளுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். "பாப்போம் தம்பி" என்கிறார்.